தங்லின் குன்றும் என் தந்தையாரும்

ஓய்வுபெற்ற ஆசிரியனுக்கு வாய்க்கும் இன்பங்களுள் ஒன்று, பழைய மாணவர்கள் தேடி வந்து விருந்துக்கு அழைப்பது. சென்ற ஆண்டின் இறுதியில், மழை விடாது பெய்துகொண்டிருந்த ஒரு வாரத்தில், அத்தகைய அழைப்பு ஒன்று எனக்கு வந்தது. அழைத்தவர் 20 ஆண்டுகளுக்கு முன் உயர்நிலைப் பள்ளியில் என்னிடம் தமிழ் பயின்றவர்; இன்று பொறுப்பான பதவியில் இருப்பவர். "ஐயா, டெம்சி சாலையில் நல்ல உணவகம் ஒன்று இருக்கிறது. குன்றின் மேல் அமைதியான இடம். சுற்றிலும் மரங்கள். உங்களுக்குப் பிடிக்கும்" என்றார்.

மறுக்க மனம் வரவில்லை. ஆனால், தொலைபேசியை வைத்த பின்னர் நெடுநேரம் நான் நாற்காலியை விட்டு எழவில்லை. அந்தக் குன்றுக்கு நான் புதியவன் அல்லன். என் தந்தையார் அங்கே 21 ஆண்டுகள் புல் வெட்டிச் செடிகளைப் பேணியவர். அவர் அந்த வேலையிலிருந்து நின்ற மூன்றாம் ஆண்டில், அதே குன்றில்தான் நான் தேசிய சேவைக்குப் பெயர் பதிந்துகொண்டேன். அதன் பிறகு ஒருநாளும் அங்கே காலடி வைத்ததில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் வேலை மிகுதி என்று சொல்லி வந்தேன். அது மெய்யான காரணம் அன்று. மெய்யான காரணத்தை இக்கட்டுரையின் முடிவில் சொல்வேன்.

அந்தக் குன்றில் இருப்பது தங்லின் படைவீடு. 'பேரக்ஸ்' என்று ஆங்கிலத்தில் வழங்குவதைத் தமிழில் எவ்வாறு சொல்வது என்று மாணவர் என்னைக் கேட்பதுண்டு. நமக்குச் சொற்பஞ்சம் இல்லை. பாசறை என்பது பழஞ்சொல். படைவீடு என்பதும் அதுவே. முருகனுக்கு ஆறு படைவீடுகள் உண்டு என்று சொல்லும்போது நாம் அச்சொல்லின் போர்க்களத் தொடர்பை மறந்துவிடுகிறோம். தமிழகத்தில் பாளையம் என்று முடியும் ஊர்ப்பெயர்கள் எத்தனையோ; பாளையம் என்றாலும் படை தங்கும் இடமே.

பத்துப்பாட்டுள் ஒன்றான முல்லைப்பாட்டில் நப்பூதனார் ஒரு பாசறையைக் காட்டுகிறார். காட்டுப் புதர்களை வெட்டி அகற்றி, முள்வேலி இட்டு, இலைகளால் வேய்ந்த குடில்களைத் தெருத்தெருவாக வரிசைப்படுத்தி அமைத்த மழைக்காலப் பாசறை அது. அப்பாட்டைப் பல ஆண்டுகள் வகுப்பில் நடத்தியவன் நான். நடத்தும்போதெல்லாம் என் கண்முன் நின்றது சங்ககாலக் காடு அன்று; தங்லின் குன்றுதான். காரணம் உண்டு. 1860களின் தொடக்கத்தில் அங்கே முதன்முதலாக எழுந்த வீரர் குடியிருப்புகளும் காடுபோல் மண்டிய தோட்டத்தைத் திருத்திய இடத்தில், அத்தாப்பு ஓலை வேய்ந்து, வரிசையாகவே அமைந்தன.

அதற்கு முன் அந்த நிலம் ஒரு சாதிக்காய்த் தோட்டம். மவுண்ட் ஹேரியட் என்பது அதன் பெயர். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை சிங்கப்பூரில் சாதிக்காய் என்றால் செல்வம். ஐரோப்பிய வணிகர் பலர் நகருக்கு மேற்கே குன்றுகளை வாங்கிச் சாதிக்காய் பயிரிட்டனர். 1850களில் மரங்களை ஒரு நோய் பற்றியது. சில ஆண்டுகளுக்குள் தோட்டங்கள் பட்டுப்போயின. நிலங்கள் விலைக்கு வந்தன. அண்டையில் 1859இல் பூமலை எழுந்தது. இன்று உலக மரபுடைமைத் தலமாக விளங்கும் பூமலையும், அதனை அடுத்த படைவீடும், தங்லின் வட்டாரத்தில் ஏறத்தாழ ஒரே காலத்தில் உருவானவை.

படைவீடு ஏன் வேண்டியிருந்தது? 1854இல் சீனக் குழுக்களுக்கிடையே மூண்ட பெருங்கலவரம் நகரத்தை நடுங்கச் செய்திருந்தது. 1857இல் வட இந்தியாவில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது, கடல் கடந்து இங்கிருந்த ஐரோப்பியரும் அஞ்சினர். அந்நாளில் சிங்கப்பூர் இந்திய அரசின் ஆட்சியின்கீழ் இருந்தது. காவலுக்கு இருந்தவர்களும் இந்தியச் சிப்பாய்களே. இந்நிலையில் கோட்டைகளைக் கட்டுவதற்காகச் சென்னைப் பொறியாளர் படையைச் சேர்ந்த கேப்டன் ஜார்ஜ் காலியர் 1858இல் இங்கு வந்தார். கேனிங் கோட்டை அவர் பொறுப்பில் எழுந்தது. ஐரோப்பிய வீரர் தங்குவதற்கெனத் தங்லின் படைவீட்டையும் வரைந்தவர் அவரே. கட்டுமானம் 1861இல் தொடங்கிற்று. சென்னையில் பழகிய கை ஒன்று இந்தக் குன்றின் மேல் கோடு கிழித்தது என்பதில் எனக்கு ஒரு வியப்பு உண்டு.

கட்டட அமைப்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஏனெனில், அக்கட்டடங்களின் ஒவ்வோர் உறுப்புக்கும் பின்னால் ஓர் அச்சம் இருக்கிறது.

அந்நாளில் வெப்ப நாடுகளுக்கு வந்த ஆங்கிலேயப் படைவீரனைக் கொன்றது பெரும்பாலும் பகைவனின் குண்டு அன்று, காய்ச்சலும் பேதியுமே. இந்தியாவில் இருந்த ஆங்கிலேயப் படையின் உடல்நலத்தை ஆராய்ந்த அரச ஆணையம் 1863இல் தன் அறிக்கையை வெளியிட்டது. இந்தியாவில் கால்வைக்காமலே புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் அந்த ஆய்வுக்குப் பெரிதும் உழைத்தார். ஆண்டுதோறும் 1,000 வீரர்க்கு 69 பேர் மடிந்தனர் என்று அவ்வறிக்கை கண்டது. ஒரு படைப்பிரிவு போர்க்களத்தையே காணாமல் தேய்ந்து அழிவதற்கு அந்த விகிதம் போதும்.

நோய் எதனால் வருகிறது? தாழ்ந்த நிலத்தின் ஈரத்திலிருந்தும் அழுகலிலிருந்தும் எழும் கெட்ட காற்றினால் வருகிறது என்று அன்றைய மருத்துவர் பலர் நம்பினர். 'மலேரியா' என்ற சொல்லுக்கே இத்தாலிய மொழியில் கெட்ட காற்று என்பதுதான் பொருள். ஆகவே, படைவீடு கட்டுவோர் முதலில் உயர்ந்த இடத்தைத் தேடினர். குன்றின் தலையிலும் முதுகிலும் கட்டடங்களை நிறுத்தினர். ஒரு கட்டடம் மற்றொன்றின் காற்றை மறைக்காதவாறு இடைவெளி விட்டனர். தரையில் படியாமல் தளத்தைத் தூக்கிக் கட்டினர்; அடியிலும் காற்று ஓடவேண்டும் என்பது எண்ணம். கூடம் நீளமாகவும் ஒடுக்கமாகவும் இருக்கும்; எதிரெதிரே வாயில்களும் சாளரங்களும் அமைந்திருக்கும். ஒரு பக்கத்தில் நுழையும் காற்று கட்டில் வரிசைகளைத் தடவிக்கொண்டு மறுபக்கத்தில் வெளியேறும். கூரை மிக உயரம். வெப்பம் மேலே எழுந்து உச்சியிலுள்ள திறப்புகள் வழியே போய்விடும். சாளரங்களுக்குக் கண்ணாடி இல்லை. சாய்ந்த பலகைச் சட்டங்கள் உண்டு. அவை மழையைத் தடுக்கும், காற்றைத் தடுக்கா.

இவை எல்லாவற்றினும் சிறந்தது தாழ்வாரம். கூடத்தின் நீளத்துக்கும் ஓடும் அகன்ற தாழ்வாரம், வெயில் சுவரைத் தொடாதபடி காத்தது. பெருமழையிலும் சாளரத்தை மூடாமல் இருக்க வழிசெய்தது. சமையற்கூடமும் கழிப்பிடமும் தனியே தள்ளி வைக்கப்பட்டன. நீர் தேங்காமல் ஓடுவதற்குக் கட்டடத்தைச் சுற்றி ஆழமான வடிகால்கள் வெட்டப்பட்டன. பின்னாளில் ஓலை போய் ஓடு வந்தது. மரம் போய்ச் செங்கல்லும் சிமெண்டும் வந்தன. இன்று நாம் காணும் கட்டடங்களுட் பெரும்பாலானவை அவ்வாறு மாற்றியோ புதிதாகவோ கட்டப்பட்டவை. ஆயினும், நெடுங்கூடம், தாழ்வாரம், உயர்ந்த கூரை என்னும் இலக்கணம் மாறவில்லை.

கெட்ட காற்று என்ற கொள்கை பிழையானது என்பதை நாம் அறிவோம். இந்தியாவில் பணியாற்றிய ரொனால்ட் ராஸ், மலேரியாவைப் பரப்புவது கொசுவே என்பதற்கான சான்றை 1897இல் செக்கந்தராபாத்தில் கண்டார். ஆனாலும், பிழையான கொள்கை இங்கே சரியான வீட்டைக் கட்டிவிட்டது! குன்றில் நீர் தேங்காது. நீர் தேங்காத இடத்தில் கொசு பெருகாது. மலாய்க் கம்பத்து மக்களோ இந்த அறிவைப் பட்டறிவாலேயே பெற்றிருந்தனர். தூண்மேல் நிறுத்திய தளம், காற்றுப் போகும் சுவர், சரிந்த அத்தாப்புக் கூரை, முன்புறத் திண்ணை ஆகிய எல்லாம் அவர்கள் வீட்டில் முன்பே இருந்தன. படைவீட்டை உற்றுப் பார்த்தால், சீருடை அணிந்த கம்பத்து வீடு என்றே சொல்லத் தோன்றுகிறது.

இவ்வளவு அக்கறை எல்லா வீரர்க்கும் காட்டப்பட்டதா என்றால், இல்லை. நகரின் மற்றொரு பக்கத்தில், இன்று சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனை இருக்கும் ஊட்ரம் வட்டாரத்தில், 'சிப்பாய் லைன்ஸ்' என்று ஓரிடம் இருந்தது. சென்னைப் படைப்பிரிவுகளைச் சேர்ந்த சிப்பாய்கள் அங்கே தங்கியிருந்தனர். ஐரோப்பியனுக்குப் பேரக்ஸ், இந்தியனுக்கு லைன்ஸ். இரண்டும் படை தங்கும் இடங்களே, ஆனால் ஒன்றல்ல. கும்பினியின் படைகளில் ஐரோப்பிய வீரனுக்கு அரசே கட்டடம் கட்டிக் கொடுப்பதும், சிப்பாய்க்கு ஒரு சிறு தொகையைக் கொடுத்து அவனே குடிசை போட்டுக்கொள்ளச் சொல்வதும் வழக்கம். அக்குடிசைகள் கோடு பிடித்தாற்போல் நின்றதால் அவ்விடத்துக்கு 'லைன்' என்று பெயர்.

இந்தச் சொல் நமக்குப் புதியதா? ஜொகூர்த் தோட்டங்களிலும் பேராக் தோட்டங்களிலும் நம் பாட்டன்மார் வாழ்ந்த நீண்ட வரிசை வீடுகளுக்கு 'லயம்' என்றுதானே பெயர்! ஆங்கில 'லைன்' என்பதே தமிழ் நாவில் லயம் ஆயிற்று என்பர். சிப்பாயும் பால்மரத் தொழிலாளியும் ஒரே சொல்லின் கீழ் வாழ்ந்திருக்கிறார்கள். என் தந்தையார் தஞ்சை மாவட்டத்திலிருந்து வந்து முதலில் தங்கியதும் ஜொகூரில் ஒரு தோட்டத்து லயத்தில்தான். அங்கிருந்து சிங்கப்பூருக்கு வந்து, 1950இல் தங்லின் படைவீட்டில் தோட்டக்காரராகச் சேர்ந்தார். லயத்திலிருந்து படைவீட்டுக்கு வந்தவர், ஆனால் படைவீட்டுக்குள் வாழ்ந்தவர் அல்லர். காலையில் பின்வாயிலால் நுழைந்து மாலையில் பின்வாயிலால் வெளியேறியவர்.

தந்தையார் அதிகம் பேசமாட்டார். ஆனால் கடுமையான மண்டோர் ஒருவரைப் பற்றிப் பேசும்போது மட்டும், "அவன் சரியான எம்டன்" என்பார். சிறுவனாக இருந்தபோது எம்டன் என்பது ஏதோ பேய்ப்பெயர் என்று நினைத்திருந்தேன். அச்சொல்லுக்கும் அதே குன்றுக்கும் உள்ள உறவைப் பின்னாளில் நூல்களில் படித்தபோது திகைத்துப் போனேன்.

முதல் உலகப்போரின்போது, 1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவில், எம்டன் என்னும் செர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு வந்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டெரித்துவிட்டு மறைந்தது. அடுத்த மாதம் பினாங்குத் துறைமுகத்திலும் புகுந்து தாக்கியது. அன்றிலிருந்து தமிழில் சூழ்ச்சியும் துணிவும் மிக்கவனுக்கு எம்டன் என்று பெயராயிற்று. அக்கப்பலின் அதிகாரிகளுள் ஒருவரான லாட்டர்பாக் பிடிபட்டு, சிங்கப்பூரில் இருந்த செர்மானியர் பலரோடு தங்லின் படைவீட்டில் காவலில் வைக்கப்பட்டார். 1915 பிப்ரவரி 15ஆம் நாள், சீனப் புத்தாண்டு விடுமுறையில், அலெக்சாண்டிரா படைவீட்டில் இருந்த 5ஆம் இலகு காலாட்படையின் இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். அவர்களுள் ஒரு பிரிவு தங்லினுக்கு விரைந்து, காவலரைச் சுட்டு வீழ்த்திக் கைதிகளை விடுவித்தது. தங்களோடு சேருமாறு செர்மானியரைச் சிப்பாய்கள் அழைத்தனர். பெரும்பாலோர் சேரவில்லை. லாட்டர்பாக்கும் வேறு சிலரும் தப்பிச் செல்வதற்கு மட்டும் அந்தக் குழப்பத்தைப் பயன்படுத்திக்கொண்டனர். கிளர்ச்சி அடக்கப்பட்டபின், 47 சிப்பாய்கள் ஊட்ரம் சிறைச்சுவருக்கு எதிரே, மக்கள் பார்க்கச் சுட்டுக் கொல்லப்பட்டனர். கப்பல் நமக்கு ஒரு சொல்லைத் தந்தது. உயிரைக் கொடுத்த சிப்பாய்களின் பெயர்களுள் ஒன்றுகூட நம் நாவில் நிற்கவில்லை.

படைவீட்டை ஒட்டி மிண்டன் சாலையில் புனித ஜார்ஜ் தேவாலயம் இருக்கிறது. படையினர் வழிபடுவதற்காக 1910களின் தொடக்கத்தில் எழுப்பிய செங்கற் கோயில் அது. அதன் பக்கச் சுவர்கள் வளைவு வளைவாகத் திறந்து கிடக்கும். தாழ்வாரத்தின் இலக்கணம் அங்கும் விடவில்லை. 1978இல் அது தேசியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அத்தேவாலயத்தில் வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள் இருந்தன. சப்பானியப் போர் நெருங்கியபோது, அவை சேதமுறாமல் இருக்கக் கழற்றிப் பத்திரமாக மறைத்து வைக்கப்பட்டன. போர் முடிந்தது, கண்ணாடிகள் கிடைக்கவில்லை. மறைத்த இடத்தை அறிந்தவர் அதைச் சொல்வதற்கு இல்லாமற் போனார். இந்தச் செய்தியைப் படித்த நாள்முதல் அது என்னை ஏதோ செய்துகொண்டே இருந்தது. ஏன் என்பது டெம்சி சாலைக்கு மீண்டும் போன அன்றுதான் எனக்கு விளங்கியது.

போருக்குப் பின்னர்த் தங்லின், தூரக் கிழக்கு ஆங்கிலேயத் தரைப்படையின் தலைமையகமாயிற்று. அங்குள்ள சாலைகளுக்குத் தளபதிகளின் பெயர்கள் சூட்டப்பட்டன. டெம்சி ஒரு தளபதி. லோவன் ஒரு தளபதி. ஹார்டிங் ஒரு தளபதி. மிண்டன் என்பது 1759இல் செர்மனியில் நடந்த ஒரு போர்க்களத்தின் பெயர். அந்தச் சாலைகளின் ஓரத்துப் புல்லைத்தான் என் தந்தையார் வெட்டிக்கொண்டிருந்தார்.

1968 சனவரியில், படைகளைத் திரும்பப் பெறப்போவதாக ஆங்கிலேய அரசு அறிவித்தது. நாட்டு வருமானத்தில் ஏறத்தாழ 20 விழுக்காடு அந்தப் படைத்தளங்களைச் சார்ந்திருந்த காலம் அது. பல்லாயிரம் குடும்பங்கள் கலங்கின. எங்கள் குவீன்ஸ்டவுன் வீட்டிலும் அடுப்படிப் பேச்சு தாழ்ந்த குரலில் நடந்தது. 1971இல் தந்தையாரின் வேலை முடிந்தது. ஒரு சிறு தொகையும் நன்னடத்தைச் சான்று ஒன்றும் கொடுத்தார்கள். அவர் புலம்பவில்லை. வேறொரு கட்டடத்தில் இரவுக் காவலராகச் சேர்ந்தார். ஆனால் எந்த மரத்தைக் கடந்தாலும் நின்று அதன் அடியைப் பார்ப்பார். தண்ணீர் தேங்கியிருந்தால் காலாலேயே வாய்க்கால் கீறி விடுவார்.

ஆங்கிலேயர் விட்டுச் சென்ற தங்லின் நம் தற்காப்பு அமைச்சின் தலைமையகமாயிற்று. தேசிய சேவைக்கு இளைஞரைச் சேர்க்கும் மத்திய மனிதவளத் தளம் டெம்சி சாலையில் இயங்கிற்று. என் தலைமுறை ஆடவர்க்கு டெம்சி சாலை என்றால் உணவகம் நினைவுக்கு வராது. தாயின் கண்ணீரும் படை லாரியுந்தான் நினைவுக்கு வரும்.

1974இல் எனக்கு அழைப்பு வந்தது. தந்தையார் இரவு வேலை முடித்து உறங்காமல், வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு என்னோடு வந்தார். சாலையெல்லாம் பெற்றோரும் பிள்ளைகளுமாக நின்றனர். சீனத் தாய்மார் மகன்களின் பைகளில் எதையெதையோ திணித்துக்கொண்டிருந்தனர். என்னோடு படித்த நண்பர் இருவர் பக்கத்தில் நின்றனர். அப்போது தந்தையார் என் தோளைத் தொட்டு, "தம்பி, உள்ளே போனதும் இடப்பக்கம் ரெண்டு கட்டடம் தாண்டி ஒரு மரம் நிக்கும். நான் வச்ச மரம். வேர் பிடிக்காம மூணு மாசம் அதோட போராடினேன். எப்படி இருக்குன்னு பாத்துட்டு வா" என்றார்.

நண்பர் காதில் அது விழுந்துவிட்டதே என்று எனக்கு வெட்கம். என் தகப்பனார் இங்கே புல் வெட்டியவர் என்பதை அவர்களுக்கு நான் சொன்னதில்லை. படைத்தளத்தில் வேலை பார்த்தார் என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன். "சரி, சரி" என்று கையை விலக்கிவிட்டு வேகமாக உள்ளே நடந்தேன். இடப்பக்கம் திரும்பவில்லை. பெயர் பதிந்தேன்; லாரியில் ஏறினேன். முதல் விடுமுறையில் வீட்டுக்கு வந்தபோது, "மரத்தைப் பாத்தியா?" என்று கேட்டார். "பார்த்தேன். நன்றாக இருக்கிறது" என்றேன். அவர் முகம் மலர்ந்தது. 1983இல் அவர் மறையும்வரை அந்தப் பொய்யை நான் திருத்தவே இல்லை. அந்தக் குன்றுக்கு நான் போகாததன் மெய்யான காரணம் இதுதான்.

சென்ற ஆண்டு அந்த மதிய வேளையில் மாணவருடன் டெம்சி சாலையில் இறங்கினேன். 1989இல் அமைச்சும் மனிதவளத் தளமும் இடம் பெயர்ந்துவிட்டன. அதன்பின் அறைகலன் கடைகளும் பழம்பொருள் கடைகளும் வந்தன. பிறகு உணவகங்கள் பெருகின. தங்லினின் மற்றொரு பகுதியில் இன்று வெளியுறவு அமைச்சு இருக்கிறது. ஆயினும் பழைய கட்டடங்களை அடையாளம் காண எனக்குச் சிரமமில்லை. எண்களே இன்றும் அவற்றுக்குப் பெயர். கட்டில்கள் வரிசையாகக் கிடந்த கூடத்தில் மேசைகள் வரிசையாகக் கிடந்தன. குளிரூட்டிக்காகச் சாளரங்களை அடைத்துக் கண்ணாடி பதித்திருந்தார்கள். காற்றுக்காகவே கட்டிய வீட்டில் காற்று உள்ளே வர வழியில்லை.

உணவு முடியும் நேரத்தில் பெருமழை பிடித்துக்கொண்டது. வெளியே வந்து தாழ்வாரத்தில் நின்றோம். சாரல்கூட எங்கள்மேல் படவில்லை. கட்டியவர்களின் திறமையை மாணவரிடம் விளக்கிக்கொண்டிருந்தேன், காலியரைச் சொன்னேன், நைட்டிங்கேல் அம்மையாரைச் சொன்னேன், எம்டனையும் சொன்னேன். அவர் வியந்து கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "ஐயா, இவ்வளவும் எப்படித் தெரியும்?" என்றார். "என் தகப்பனார் இங்கே வேலை பார்த்தார்" என்றேன். 'புல் வெட்டினார்' என்று சொல்ல இன்னும் ஒரு நொடி தயங்கினேன். பிறகு அதையும் சொன்னேன், மரத்தையும் சொன்னேன்.

மாணவர் தாழ்வாரத்தின் ஓரம்வரை சென்று மழையைப் பார்த்தார். "எந்த மரம், ஐயா?" என்று கேட்டார்.

நானும் பார்த்தேன். இடப்பக்கம் இரண்டு கட்டடம் தாண்டி என்றார் தந்தையார். ஆனால் அன்றைய வாயில் எது? அங்கிருந்து இடமா, இங்கிருந்து இடமா? தெம்புசு மரங்களும் தூங்குமூஞ்சி மரங்களும் வானளாவி நின்றன. அவர் வைத்தது எவ்வகை மரம் என்றுகூட நான் கேட்கவில்லையே! எந்த ஆண்டில் வைத்தார்? யார் வைக்கச் சொன்னார்கள்? மழை பெய்தால் இந்தத் தாழ்வாரத்தில் அவரை ஒதுங்க விட்டார்களா? அந்தக் கட்டில்களில் இருந்தவர் எவரேனும் அவர் பெயரைச் சொல்லி அழைத்ததுண்டா? காலியர் எந்தப் படையைச் சேர்ந்தவர் என்று எனக்குத் தெரியும். இவற்றுள் ஒன்றும் எனக்குத் தெரியாது.

தேவாலயத்துக் கண்ணாடிகள் ஏன் என்னை உறுத்தின என்பது அப்போது புலனாயிற்று. மறைத்த இடத்தை அறிந்தவர் போய்விட்டார் என்று வருந்தினேன் அல்லவா? என் வீட்டில் 1983வரை ஒருவர் இருந்தார். இந்தக் குன்றின் 21 ஆண்டுகளை நெஞ்சில் வைத்திருந்தார். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். நான் பள்ளியில் பிறர் பிள்ளைகளுக்கு 'என் தந்தை' என்று கட்டுரைத் தலைப்புக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

மழை ஓயும்வரை மாணவரும் நானும் பேசவில்லை. ஓய்ந்தபின் அவர் வண்டியை நோக்கி நடக்காமல், நனைந்த புல்லின்மேல் இறங்கினார். நானும் இறங்கினேன். மரம் மரமாகப் போய்ப் பார்த்தோம். எதுவென்று தெரியாததால் எல்லாவற்றையும் பார்க்க வேண்டியிருந்தது. ஒரு மரத்தடியில் நீர் தேங்கியிருந்தது. காலணியின் முனையால் மண்ணைக் கீறி வழி விட்டேன். தண்ணீர் மெல்ல அசைந்து வடிகாலை நோக்கிப் போயிற்று.

திரும்பும் வழியில் மாணவர், தம் தந்தையார் பாசிர் பாஞ்சாங்கில் துறைமுகத் தொழிலாளியாக இருந்தவர் என்றும், என்ன வேலை செய்தார் என்று சரியாகத் தெரியாது என்றும் சொன்னார். "இருக்கிறாரா?" என்று கேட்டேன். "இருக்கிறார், ஐயா. எங்களோடுதான் இருக்கிறார்" என்றார். அதற்குமேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை.

இதைப் படிக்கும் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் என் வேண்டுகோள் ஒன்று உண்டு. பழைய கட்டடங்களைப் போய்ப் பாருங்கள். அவற்றின் தூணையும் கூரையையும் தாழ்வாரத்தையும் கற்றுக்கொள்ளுங்கள். கட்டியவர் பெயரையும் ஆண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். அவையெல்லாம் நூலகத்தில் நாளைக்கும் கிடைக்கும். அதற்கு முன், உங்கள் வீட்டில் மூத்தவர் இருந்தால், அவர் எந்த வாயிலால் எந்த இடத்துக்கு வேலைக்குப் போனார், அங்கே என்ன செய்தார் என்று இன்று இரவே கேளுங்கள். அவர் ஏதேனும் மரத்தைப் பற்றிச் சொன்னால், அது எந்த மரம் என்றும் கேட்டு எழுதி வையுங்கள்.